தீயணைப்பு நிலையம் கேட்பதா, தீயணைப்பான் வாங்குவதா? வளர்ந்துவரும் ஊர்களுக்கு ஒரு நிமிடக் கணக்கு

“எங்க ஊர்ல ஃபயர் ஸ்டேஷன் கிடையாது சார். மனு போடலாம்னு ஒரு கோஷ்டி, நாமளே ஒரு வண்டி வாங்கிடலாம்னு ஒரு கோஷ்டி. சங்கம் ரெண்டா நிக்குது. நீங்க என்ன சொல்றீங்க?”

கடந்த ஓராண்டில் நாலைந்து நலச் சங்கத்துக்காரர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் சென்னைக்குத் தெற்கே வண்டலூரைத் தாண்டி, திருச்சி போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டியும் உள்ளே தள்ளியும் இருக்கும் ஊர்க்காரர்கள். இந்தப் பக்கம் வளர்ந்த வேகம் தெரிந்ததுதான். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதே ஆண்டில் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஏரிக்கரை, வயல்வரப்பு என்று பாராமல் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. வீடு கட்டுகிற வேகத்தில் தீயணைப்பு நிலையம் வருவதில்லை. எந்த வளரும் ஊரிலும் வந்ததில்லை.

நான் ஒரு அடுக்குமாடிச் சங்கத்தில் செயலாளர், அவ்வளவுதான். தீயணைப்பு நிபுணன் இல்லை. ஆனால் எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தரைத்தளத்தில், ஒரு மே மாத இரவு நடந்ததிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் கிளறிக்கொண்டிருக்கிறேன்.

## அந்த இரவு

மணி பதினொன்றரை இருக்கும். மீட்டர் பேனலிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. வாட்ச்மேன் அண்ணன் மேலே ஓடி வந்து கதவைத் தட்டினார். நான் இறங்கிப் போவதற்குள் பேனலின் மேல்மூலையில் ஒரு சாண் உயரத்துக்குத் தீ. மூன்றடி தள்ளி இரண்டு மின் ஸ்கூட்டர்கள் சார்ஜில் நின்றன.

சுவரில் மூன்று சிவப்பு சிலிண்டர்கள். முதலாவதில் முள் சிவப்புக் கட்டத்தில் கிடந்தது, உள்ளே அழுத்தமே இல்லை. இரண்டாவதில் பிள்ளைகள் பிடுங்கக்கூடாது என்று யாரோ பின்னைச் செப்புக் கம்பியால் இறுகச் சுற்றிவிட்டிருந்தார்கள். கட்டிங் பிளேயர் தேட நேரமில்லை. மூன்றாவது வேலை செய்தது. முதல் மாடி அக்காவின் மகன், கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவன், பின்னை இழுத்து அடித்தான். வெள்ளைப் பொடி மேகமாகக் கிளம்பி அடங்கியபோது தீ இல்லை. அதற்குள் இன்னொருவர் மெயினை இறக்கியிருந்தார்.

101-க்கு அழைத்ததிலிருந்து வண்டி வர இருபத்து நான்கு நிமிடம் ஆனது. இறங்கிய நிலைய அலுவலரிடம் நான் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹோஸைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே சொன்னார்: “சார், பதினெட்டு நிமிஷத்துல உங்க நகர் ஆர்ச்சுக்கு வந்துட்டோம். ஆர்ச்சுலேருந்து இங்க வரத்தான் ஆறு நிமிஷம்.”

ஆர்ச்சின் அடியில் தொங்கிய கேபிள் ஒயரை ஒருவர் மூங்கில் கழியால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கிறது. முக்கில் ஒரு வெள்ளைக் கார், உரிமையாளர் ஊரில் இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஹோஸைச் சுமந்துகொண்டு நடந்து வந்திருக்கிறார்கள்.

அந்த “பதினெட்டு, ஆறு” கணக்குதான் இந்தக் கட்டுரை. எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: இது எத்தனையாவது நிமிடத்தில் வேலைக்கு வரும்?

## எதை வைத்து எடை போடுவது

நிமிடம் முதல் அளவுகோல். இன்றைய வீடுகளில் ஃபோம் சோபா, சின்தெடிக் திரை, பிளாஸ்டிக் சாமான்கள் நிறைந்திருப்பதால் ஓர் அறை முழுதும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ள ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாமல் போகலாம். மரச்சாமானும் பருத்தியுமாக இருந்த காலத்தில் இதைவிடப் பல மடங்கு அவகாசம் கிடைத்தது.

இரண்டாவது, மூன்றாம் ஆண்டில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. வாங்கும் அன்று மாலை போட்டுப் படம் எடுக்க ஐம்பது பேர் வருவார்கள். பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

மூன்றாவது மறைசெலவு. நான்காவது பொறுப்பு: யாருக்காவது அடிபட்டால் யார் பதில் சொல்வது? ஐந்தாவது, தீ தவிர வேறு எதற்கு உதவும்? தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையின் முழுப்பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ இருக்கிறது. பாம்பு பிடிப்பது, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, தேன்கூடு அகற்றுவது, விபத்தில் நசுங்கிய வண்டிக்குள்ளிருந்து ஆளை எடுப்பது என்று தீயைவிட மற்றதற்கே அவர்களுக்கு அழைப்பு அதிகம். மனைப்பிரிவுகளுக்கு நடுவே பழைய பாசனக் கிணறுகள் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கும் நம் ஊர்களில் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த நெறிப்படி நகர்ப்புறத்தில் வண்டி 5 முதல் 7 நிமிடத்தில் வந்து சேர வேண்டும். ஊரகத்தில் 20 நிமிடம். நகரில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், ஊரகத்தில் 50-க்கு ஒன்று. நம் ஊர்களின் சிக்கல் இதற்கு நடுவில்தான் இருக்கிறது. பதிவேட்டில் ஊராட்சி, கண்ணுக்கு நகரம். ஐந்து மாடிக் கட்டிடத்தில் குடியிருந்துகொண்டு வைக்கோல்போருக்கான இருபது நிமிடத்தில் வாழ்கிறோம்.

## வழி 1: அரசிடம் நிலையம் கேட்பது

வந்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற ஆட்கள், 24 மணி நேரமும், நம் காசில்லாமல். வழக்கமான நீர்தாங்கி வண்டியில் ஏறக்குறைய 4,500 லிட்டர் தண்ணீர், அதை அழுத்தத்தோடு அடிக்கும் பம்ப், ஏணி, மூச்சுக்கருவி எல்லாம் இருக்கும். ரப்பர் கிடங்கோ பழைய பிளாஸ்டிக் கடையோ எரிந்தால் வேறு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் எப்போது வரும்? மனு என்றதும் நம்மவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு, ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். புதிய நிலையங்கள் பெரும்பாலும் சட்டமன்றத்தில் உள்துறை மானியக் கோரிக்கையை ஒட்டி அறிவிக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் நம் ஊர் ஏற, உள்ளாட்சித் தீர்மானமும், மாவட்டத் தீயணைப்பு அலுவலரின் முன்மொழிவும், சட்டமன்ற உறுப்பினரின் தொடர் நச்சரிப்பும் வேண்டும். ஒரே ஒரு வண்டி நிற்கும் நிலையத்துக்கே பதினைந்து பேருக்கு மேல் பணியிடம் உருவாக்க வேண்டும். இது ஆண்டாண்டுக்கும் சம்பளம், ஓய்வூதியம். நிதித்துறை யோசிப்பதன் காரணம் அதுதான். 15-ஆவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க மத்திய அரசு 2023 ஜூலையில் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் 25 விழுக்காடு தங்கள் பங்காகப் போட வேண்டியிருந்தது. நிலையத்துக்கும் வண்டிக்கும் அதில் வழி இருந்தது. ஆளுக்குச் சம்பளம் மாநிலத்தின் தலையில்தான்.

இந்த வழியின் உண்மையான முடிச்சு நிலம். நகரத் திட்டமிடல் வழிகாட்டிகள் குடியிருப்புகளுடன் கூடிய நிலையத்துக்கு ஒரு ஹெக்டேர் கேட்கின்றன, துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். இந்தப் பக்கம் மனை விலை தெரிந்த யாரும் சிரித்துவிடுவார்கள். நடைமுறையில் பல நிலையங்கள் இதைவிடச் சின்ன இடத்தில், வாடகைக் கட்டிடத்தில்கூடத் தொடங்குகின்றன. ஆனாலும் வண்டி சட்டென்று வெளியே பாயும்படி அகலச் சாலையை ஒட்டிய இடம் வேண்டும்.

ஆகவே வெறும் கோரிக்கை மனுவுக்கும் நிலத்தின் சர்வே எண்ணைச் சுட்டிய மனுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து எந்தப் புறம்போக்கு எதற்கு வகைப்படுத்தியிருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கைக் கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. லேஅவுட்டில் விட்ட திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தையும் கேட்காதீர்கள். அது பூங்காவுக்கும் பிள்ளைகள் விளையாடவும் விட்டது. ஒரு சங்கம் பூங்காவைக் கொடுக்க முன்வந்து, பின்னால் நடைப்பயிற்சிக்காரர்கள் எதிர்மனு போட்டு, இரண்டு மனுவும் ஒரே கோப்பில் தூங்குகின்றன.

மறைசெலவு: பணமில்லை, ஆள். ஒருவர் ஓய்வுபெற்றவராக, அலுக்காமல் கோப்பைத் துரத்துபவராக வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், அவருக்கும் பொழுது போகும்.

## வழி 2: சொந்தமாக ஒரு வண்டி

இதற்கு ஆசைப்படாத சங்கம் இல்லை. சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி நம் நகர் வாசலில் நிற்பது கண்ணுக்கு அழகு. நேர்த்தியாகச் செய்த புது தீயணைப்பு வண்டி பல பத்து லட்சம் என்பதால் எல்லோரும் மலிவு வழிகளுக்குப் போகிறார்கள்: டிராக்டர் டேங்கரில் பம்ப் பொருத்துவது, பழைய தண்ணீர் லாரியை மாற்றுவது, வண்டியில் கட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் பம்ப் வாங்குவது.

எனக்குத் தெரிந்த ஒரு நகரில் டிரெய்லர் பம்ப் வாங்கினார்கள். முதல் ஆறு மாதம் வாராவாரம் ஓட்டிப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தெருத்தண்ணீர் இறைக்க அது இரவும் பகலும் ஓடியது. அந்த மூன்று நாளில் கொடுத்த காசு தீர்ந்தது என்று இன்றும் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் சேற்றை இழுத்த பம்பை யாரும் பிரித்துக் கழுவவில்லை. இன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கோடையில் நாய் அதனடியில் படுத்திருக்கும்.

சரியான பராமரிப்பு இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யார் ஓட்டுவது? நாள் முழுதும் ஓர் ஓட்டுநர் இருக்க, மூன்று ஷிப்டுக்கும் விடுப்புக்கும் சேர்த்து நான்கு பேர் வேண்டும். கூடவே ஹோஸ் பிடிக்கத் தெரிந்த இருவர். இன்சூரன்ஸ், எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்று, பேட்டரி, டயர். தண்ணீர் நிரப்பி வைத்த டேங்க் துருப்பிடிக்கும். நிரப்பாமல் வைத்தால் வண்டி எதற்கு?

தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொண்டுவரும், தீயணைப்பு வண்டியைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் அதில் அழுத்தமும் இல்லை, பீய்ச்சும் முனையும் இல்லை. தீக்குக் கிட்டப் போய்க் கொட்ட முடியாது. லாரியின் இடம் வேறு. தீயணைப்பு வண்டியின் ஒரு குழாயே நிமிடத்துக்கு நானூறு லிட்டருக்கு மேல் குடிக்கும், 4,500 லிட்டர் பத்து நிமிடத்தில் காலி. பெரிய தீ என்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணி எங்க இருக்கு?” அப்போது ஊரில் தினம் ஓடும் லாரிக்காரரின் எண் கையில் இருந்து, அவர் இரவிலும் எடுப்பார் என்றால், சொந்த லாரி வைத்திருப்பதற்குச் சமம். செலவு ஒரு போன் அழைப்பு. உங்கள் சம்ப்பின் மூடிமேல் கார் நிறுத்தாமல் இருப்பதும் அதே கணக்கில் சேரும்.

எந்த இடத்தில் சொந்த வண்டி சரி? முழுநேரப் பராமரிப்புப் பணியாளர்கள் உள்ள பெரிய டவுன்ஷிப், தொழிற்பேட்டை, வளாகமாக இருக்கும் கல்லூரி. இங்கெல்லாம் சம்பளம் ஏற்கெனவே ஓடுகிறது. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை தன் தீயணைப்பு வண்டியோடு இருந்தால், அவர்களோடு ஓர் உதவி உடன்பாடு பேசிப் பார்ப்பது வண்டி வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். தனிவீடுகளும் முப்பது நாற்பது ஃபிளாட் கட்டிடங்களுமாக உள்ள நகருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## வழி 3: ஊர்த் தன்னார்வலர் குழு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவரும் யோசனை இது. அவர்கள் சொல்வது உண்மைதான். ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் பேர் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். சிற்றூர்களில் சம்பளத் தீயணைப்பாளரே கிடையாது. ஜப்பானில் ஊருக்கு ஊர் தன்னார்வப் படை. சிலி நாட்டில் தலைநகரிலும்கூடத் தன்னார்வலர்கள்தான். ஆனால் அங்கே அழைப்பு வந்தால் வேலையை விட்டு ஓடலாம் என்று சட்டமோ வழக்கமோ இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம் இருக்கிறது. பெயரை மட்டும் எடுத்துவந்து டி-ஷர்ட் அச்சடித்தால் போதாது.

நாங்களும் முதலில் இந்தத் தப்பைச் செய்தோம். இருபத்தைந்து வயதுப் பையன்களாகப் பார்த்துப் பதினெட்டுப் பேர் பெயர் எழுதினோம். பிறகுதான் உறைத்தது: காலை எட்டு மணிக்கு மேல் அந்தப் பதினெட்டில் பதினேழு பேர் கிண்டியிலோ சிறுசேரியிலோ ஒரகடத்திலோ இருப்பார்கள். வாரநாள் பகல் பதினொரு மணிக்கு நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

யோசித்துப் பாருங்கள். முக்குக்கடை அண்ணாச்சி. இஸ்திரி வண்டிக்காரர். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர். வாட்ச்மேன்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காக்கள். வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள். தீப்பிடிக்கும் சமையலறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். பட்டியலை மாற்றி எழுதினோம். நிலையத்தில் கேட்டதும் ஒரு ஞாயிறு வந்து கற்றுத்தந்தார்கள். இதற்கு அவர்கள் சலிப்பதே இல்லை. ஏப்ரல் 14-ஐ ஒட்டிய தீத்தொண்டு வாரத்தில் அவர்களே ஊர் ஊராகப் போவார்கள். 1944-இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் மாண்ட வீரர்களின் நினைவு நாள் அது.

தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, ஒவ்வொருவராக அணைக்கச் சொன்னார்கள். ஆண்கள் எட்டி நின்று கொழுந்தின் உச்சியில் அடித்துப் பொடியை வீணாக்கினார்கள். மூன்றாவது பிளாக்கில் வேலை செய்யும் அக்கா, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, காற்று முதுகுப்பக்கம் வரும்படி சுற்றிப் போய் நின்று, தீயின் அடியில் இடவலமாக வீசி நாலு நொடியில் முடித்தார். “அடுப்பு ஊதறவளுக்குத் தெரியாதா காத்து எங்கேருந்து வருதுன்னு?” என்றார்.

இந்தக் குழுவிடம் என்ன எதிர்பார்க்கலாம்? சின்னத் தீயை அணைப்பது, காஸ் ரெகுலேட்டரை மூடுவது, காஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும் என்று தெரிந்து கதவு சன்னலைத் திறந்துவிட்டு ஸ்விட்சைத் தொடாமல் வெளியேறுவது, மாடியில் இருப்பவர்களை இறக்குவது, 101-க்கோ 112-க்கோ அழைத்து அடையாளத்தோடு வழி சொல்வது, ஆர்ச்சில் நின்று வண்டியை அழைத்துவருவது. அறைக்குள் புகை நிறைந்துவிட்டால் இவர்கள் உள்ளே போகவே கூடாது. மூச்சுக்கருவி இல்லாமல் போகிற வீரம் பிணமாக முடியும். இந்த எல்லைக்கோட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மறைசெலவு என்றால் ஆட்கள் மாறுவதுதான். வாட்ச்மேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வைக்காத குழு காகிதத்தில்தான் இருக்கும். காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு குழுக் காப்பீடு எடுத்துவிடுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். அதுபோன்ற பயிற்சி உங்கள் மாவட்டத்தில் அடுத்து எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், வெள்ளத்துக்கும் உதவும்.

## வழி 4: கட்டிடத்துக்குள்ளேயே செலவழிப்பது

கும்பகோணம் தீயணைப்பு நிலையம் இல்லாத ஊரல்ல. 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளிச் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. குறுகிய படிக்கட்டும் கூரையும் அவர்களுக்கு நேரம் தரவில்லை. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் முதல் சில நிமிடங்களில் முடிவாகிவிட்டது.

நம் கட்டிடங்களுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரமான கட்டிடம். கெடுபிடிகள் அங்கே கூடும். புறநகரில் எங்கு பார்த்தாலும் ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் என்று நிற்பதன் ரகசியம் இதுதான், அந்த வரம்புக்குள் கச்சிதமாக அடங்கும். சட்டத்தின் கண்ணில் சிறிய கட்டிடம். ஐந்தாம் மாடியில் எழுபது வயது அம்மா இருக்கும் வீட்டுக்கு அது சிறியது அல்ல.

இங்கே போடும் பணம் முதல் நிமிடத்திலேயே வேலை செய்கிறது. திடப்பொருள், எண்ணெய், காஸ் என மூன்று வகைத் தீக்கும் ஆகும் 6 கிலோ ஏ.பி.சி. பொடித் தீயணைப்பான் நாங்கள் வாங்கியபோது ரூ.3,000 அளவில் இருந்தது. மின்பேனலுக்குக் கரியமிலவாயு சிலிண்டர் ரூ.7,000 அளவு. ஆனால் 6 கிலோப் பொடி கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டில் அளவு தீக்கு அது போதும், அறை அளவு தீக்குப் போதாது.

மறைசெலவுகள் இங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் ஆளை அனுப்பி ஸ்டிக்கர் மட்டும் மாற்றிவிட்டுப் போவார். எங்களுக்கு நடந்தது அதுதான். மாதம் ஒரு முறை முள் பச்சையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உயரமான கட்டிடம் என்றால், மாடிகளின் தீயணைப்புக் குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் ஹைட்ரன்ட் பம்ப் அறைக்கு ஒருநாள் போங்கள். குழாயில் எங்கோ கசிவதால், அழுத்தம் குறையாமல் காக்கும் சின்ன ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று பேனலை ‘மேனுவல்’-க்குத் திருப்பி வைத்திருப்பார்கள். லட்சக்கணக்கில் போட்ட கருவி ஒரு குமிழைத் திருப்பியதில் செத்துக் கிடக்கும்.

காசே ஆகாதவையும் உண்டு. படிக்கட்டுத் திருப்பத்தில் செருப்பு அலமாரி, பழைய சைக்கிள். பூட்டிய மொட்டைமாடிக் கதவு, சாவி யாரிடம் என்று தெரியாது. பால்கனி முழுதும் திறக்கவே முடியாத இரும்புக் கிரில். கிரில் பற்றிப் பேசினால் திருடன் பயத்தைச் சொல்வார்கள். ஒரு கதவாவது வையுங்கள், சாவியைப் பக்கத்திலேயே மாட்டுங்கள் என்பதற்கு மேல் என்னால் யாரையும் வற்புறுத்த முடியவில்லை. எங்கள் கட்டிடத்திலேயே இன்னும் பாதி வீட்டில் வைக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நிமிடம் | முதல் செலவு | மறைசெலவு | தீ தவிர |
|---|---|---|---|---|
| அரசு நிலையம் | நிலையம் வந்தபின் 5–10. அதுவரை பழைய கணக்குதான் | நமக்கு இல்லை | நிலம் தேடல், ஆண்டுக்கணக்கில் அலைச்சல் | எல்லா மீட்புப் பணியும் |
| சொந்த வண்டி | 5-ஆவது, ஆள் இருந்தால் | மிக அதிகம் | ஓட்டுநர்கள், எஃப்.சி., பேட்டரி, துரு | வெள்ளநீர் இறைப்பு |
| தன்னார்வலர் | 1–5 | சொற்பம் | ஆண்டுக்கிருமுறை பயிற்சி, காப்பீடு | வெள்ளம், முதலுதவி |
| கட்டிடத்துக்குள் | முதல் நிமிடம் | வீட்டுக்கு ரூ.1,000–2,000 | மாதாந்திரச் சோதனை, பொடி மாற்றுதல் | மின்கசிவு பிடிபடும் |

## உங்கள் ஊர் எந்த ரகம்?

நிலையம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நடுவில் ரயில்வே கேட் இல்லை என்றால் புது நிலையத்துக்கு அலையாதீர்கள். அந்த உழைப்பை உங்கள் நகருக்குள் இருக்கும் கடைசி அரைக் கிலோமீட்டரில் போடுங்கள். எங்களுக்குச் செலவானது ஒரு நாள்தான்: கேபிள்காரரை வரவழைத்து ஒயரைத் தூக்கிக் கட்டினோம், முக்கில் வண்டி நிறுத்தாதபடி இரண்டு கல் நட்டோம், நிலையத்தாரை அழைத்து வண்டியை ஒருமுறை உள்ளே கொண்டுவரச் சொன்னோம். திரும்ப இடமில்லாத தெருக்கள் எவை என்று அவர்களே குறித்துக்கொண்டார்கள். ஆறு நிமிடம் ஒன்றரையாகக் குறைந்தது.

பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் கிடங்குகளும் பழைய பொருள் கடைகளும் முளைக்கின்ற ஊரா? மனு கட்டாயம். தனியாகப் போகாமல் பக்கத்து நான்கு ஊராட்சிகளின் தீர்மானத்தோடு, சர்வே எண்ணோடு போங்கள். குடிசைகளும் வைக்கோல்போரும் இன்னும் மிச்சமிருக்கும் ஓரப் பகுதி என்றால் தன்னார்வலர் குழுவும் தண்ணீர் லாரிக்காரரின் எண்ணும் முதலில். இருபது மாடி டவுன்ஷிப் என்றால் பம்ப் அறைக்கு இன்றே போங்கள்.

எங்கள் நாற்பத்தெட்டு வீட்டுக் கட்டிடத்தில் வீட்டுக்கு ரூ.1,500 என்று ரூ.72,000 வசூலித்தோம். பத்துப் பொடித் தீயணைப்பான்களுக்கு 30,000. இரண்டு கரியமிலவாயு சிலிண்டர்களுக்கு 14,000. பேனலைத் திறந்து தளர்ந்த லக்குகளை, அதாவது கேபிள் முனை இணைப்புகளை, இறுக்கிக் கருகிய கேபிளை மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு 10,000. அன்றைய தீயின் காரணமே ஒரு தளர்ந்த லக்தான். படிக்கட்டில் கரண்ட் போனாலும் எரியும் விளக்குகளுக்கு 6,000. மிச்சம் 12,000 வங்கியில், அடுத்த முறை பொடி மாற்ற. “இவ்வளவு செலவு பண்ணிட்டோம், இனி மனு எதுக்கு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கிடங்குத் தீயை இந்தப் பன்னிரண்டு சிலிண்டரும் ஒன்றும் செய்யாது, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கடியில் சிக்கியவரையும் எடுக்காது. அதனால் மனுவும் நடக்கிறது, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் கையில்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் புது வாட்ச்மேனை அழைத்தேன். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, தயங்கினார். மூன்றாவது பிளாக் அக்கா சிலிண்டரைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, “அண்ணே, மொதல்ல காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க” என்றார்.